மைக்ரோவாட்டுக்கு எதற்கு ஐந்து வருஷம்?

நீளமான பதிவு. ஓய்வுபெற்ற வாத்தியார் வேறு எப்படி எழுதுவான் என்று பொறுத்துக்கொள்ளுங்கள். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள், கடைசியில் ஒரு உதவி கேட்டிருக்கிறேன், அதை மட்டுமாவது பார்த்துவிட்டுப் போங்கள்.

போன வாரம் பாம்பனில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர், என்னிடம் பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணின் தகப்பனார். நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். சாம்பார் வருவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"சார், எம் மக நாலு வருசமா ஆராய்ச்சி பண்ணுது. என்னத்தப் பத்தினு கேட்டா கரண்டுங்குது. சரி, எம்புட்டுக் கரண்டு எடுப்பனு கேட்டேன். நூறு மைக்ரோவாட்டுனு சொல்லுச்சு. நமக்கு என்ன தெரியும், தெருவுல ஐ.டி.ஐ. படிச்ச பையன்கிட்ட விசாரிச்சேன். விழுந்து விழுந்து சிரிக்கிறான் சார். அது மாதிரி ஆறு லட்சம் சேத்தாத்தான் ஒரு குண்டு பல்பு எரியுமாம். இதுக்கு எதுக்கு சார் அஞ்சு வருசம்?"

அப்புறம்தான் உண்மையான கவலை வெளியே வந்தது. ஏழு மாதமாக உதவித்தொகை வரவில்லை. விடுதிக்கு இவர்தான் பணம் அனுப்புகிறார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். "நிறுத்திட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போகச் சொல்லிரட்டுமா சார்?" என்று கேட்டார். அந்த நேரம் பார்த்துப் பாயசம் வந்தது. "அவசரப்படாதீங்க, ஒரு வாரத்துல சொல்றேன்" என்று தப்பித்துக்கொண்டேன். இந்தப் பதிவுதான் என் பதில். அவருடைய மகன் படித்துக் காட்டுவான்.

ஐ.டி.ஐ. தம்பியின் கணக்கு சரிதான், அதில் குற்றமில்லை. மைக்ரோவாட் என்றால் ஒரு வாட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அதிலும் நம் மாவட்டத்துக்காரர்களுக்குச் சின்னக் கரண்டைப் பார்த்தால் சிரிப்பு வரத்தான் செய்யும். கமுதியில் 648 மெகாவாட் சூரியமின் நிலையம் இருக்கிறது. 2016-இல் அது இயங்க ஆரம்பித்தபோது, ஒரே இடத்தில் அமைந்ததில் உலகத்திலேயே பெரியது என்று பேப்பரெல்லாம் எழுதின. 2500 ஏக்கர். அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 100 மைக்ரோவாட் என்றால்? வகுத்துப் பார்த்தேன், பழக்கதோஷம். 6,48,000 கோடி மடங்கு வித்தியாசம் வருகிறது.

ஆனால் கமுதி மின்சாரத்துக்குக் கம்பி வேண்டும். கம்பி போக முடியாத இடங்கள் இருக்கின்றன. நடுக்கடலில் ஒரு வத்தை. பாலத்துத் தூணில் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே ஒரு மூலை. மனுஷன் உடம்புக்குள் ஒரு கருவி. அங்கே இருந்துகொண்டு ஒரு சென்சார் வெப்பத்தையோ அதிர்வையோ அளந்து, அரைமணிக்கு ஒருதரம் சின்னச் செய்தியாக அனுப்பினால் போதும். அதற்குக் குண்டு பல்பு எரிக்கிற கரண்டு தேவையே இல்லை. நீங்கள் கட்டியிருக்கும் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒரு மைக்ரோவாட் அளவில்தான் ஓடுகிறது.

"பேட்டரி போட்டுவிட வேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன். வாருங்கள், ஒரு கணக்குப் போடுவோம். எடைபோடும் மெஷினில், கார் சாவியில் போடுகிற பொத்தான் பேட்டரி, 3 வோல்ட், சுமார் 225 மில்லி ஆம்பியர் மணி. அதற்குள் இருப்பது ஏறக்குறைய 2400 ஜூல். சராசரி 100 மைக்ரோவாட் தின்கிற ஒரு சென்சாரை அது ஒன்பது மாதம் தாங்கும். அப்புறம் யாராவது போய் மாற்ற வேண்டும். வீட்டில் என்றால் மாற்றலாம். கடலில் ஆயிரம் சென்சார் போட்டிருந்தால்? ஒன்பது மாதத்துக்கு ஒருமுறை ஆயிரம் பேட்டரி. பழையதெல்லாம் எங்கே போகும் என்று நம் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால்தான் சுற்றிலும் வீணாகப் போகிறதைப் பிடி என்கிறார்கள். எஞ்சினின் அதிர்வு, உடம்புச் சூடு, அறைக்குள் விழும் மங்கல் வெளிச்சம், அலையின் ஆட்டம். இதற்கு ஆற்றல் அறுவடை என்று பெயர். புதுசு ஒன்றும் இல்லை. சைக்கிள் டைனமோ அதுதானே? நாங்கள் அந்தக் காலத்தில் ஓ.ஏ.79 ஜெர்மானியம் டயோடு ஒன்றை வாங்கி, நீளமாக ஏரியல் கட்டி, பேட்டரியே இல்லாமல் ரேடியோ கேட்டோம். வானொலி நிலையத்திலிருந்து காற்றில் வருகிற சக்தியே காதுக்குழாயைப் பேச வைத்தது. என் மாணவர்கள் முப்பது வருஷம் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். இதைப் படிக்கும் சிலர் என்னிடம் அந்த டயோடைத் தொலைத்துவிட்டுத் திட்டும் வாங்கியிருக்கிறார்கள்.

ஐந்து வருஷம் எதற்கு என்ற கேள்விக்கு இப்போது வருகிறேன். பிடிப்பது பெரிய காரியமில்லை. பிடித்ததை வைத்துப் பிழைப்பதுதான் பாடு. இதை உலகத்தில் வேறு யாருக்கும் புரியவைப்பதைவிட இராமநாதபுரத்துக்காரனுக்குப் புரியவைப்பது சுலபம். நாம் கண்மாய்க்காரர்கள்.

நமக்கு வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் விழுவதுதான். வரத்துக்காலில் சொட்டுச்சொட்டாக வருவதைக் கண்மாயில் சேர்க்கிறோம். முதல் தண்ணீர் வந்தவுடனே மடையைத் திறந்தால் எந்த வயலும் நனையாது. வாய்க்காலே குடித்துவிடும். மட்டம் ஏறட்டும் என்று காத்திருந்து, ஏறியபின் ஒரே மூச்சாகத் திறந்துவிட்டு, மறுபடி அடைக்க வேண்டும். மிஞ்சினால் கலுங்கு வழியாகப் போக வேண்டும், இல்லாவிட்டால் கரை உடையும். கரையில் கசிவு இருந்தால் சேர்த்தது எல்லாம் ராத்திரியோடு போய்விடும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள நீர்பாய்ச்சி என்று ஒருவர், அவருக்கு அறுவடையில் ஒரு பங்கு கூலி.

அந்தப் பெண்ணின் சுற்றும் அச்சாக இதேதான். வரத்துக்கால் என்பது அதிர்வுத் தகடோ சோலார் தகடோ. கண்மாய் என்பது ஒரு கெபாசிட்டர். 100 மைக்ரோவாட் வீதம் 10,000 வினாடி, அதாவது மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் சேர்த்தால் ஒரு ஜூல். சின்ன ரேடியோ ஒன்று கால் வாட்டில் நான்கு வினாடி பேச அது போதும். நாலு வினாடி கம்மியா? "இன்ன இடத்தில் இருக்கிறேன், எஞ்சின் நின்றுவிட்டது" என்று சொல்ல ஒரு வினாடிகூட ஆகாது.

சிக்கல் எங்கே என்றால், நீர்பாய்ச்சியின் கூலியில். வருமானம் 100 மைக்ரோவாட். மட்டம் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற காவல் சுற்றுக்கும் கரண்டு வேண்டும். அது 90 மைக்ரோவாட் தின்றால் வயலுக்கு என்ன மிஞ்சும்? அதை ஒரு மைக்ரோவாட்டுக்குள் கொண்டுவர வேண்டும். வெயில் ஏறும்போது, இறங்கும்போது, படகு நிற்கும்போது, ஓடும்போது எல்லா நிலையிலும் அந்த ஒரு மைக்ரோவாட்டுக்குள் அது முடிவெடுக்க வேண்டும். மின்மேலாண்மை என்று இதைத்தான் சொல்கிறார்கள். பெயரைக் கேட்டால் மின்வாரிய அலுவலக வேலை மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

இன்னொரு சிக்கல் உண்டு. தனுஷ்கோடி மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். சிரட்டையால் நிதானமாக அள்ளினால் நல்ல தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆசைப்பட்டு வேகமாக அள்ளினால் மணல் கலங்கும், அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் ஏறும். ரொம்ப மெதுவாக அள்ளினால் பின்னால் நிற்கும் பெண்கள் சும்மா இருக்க மாட்டார்கள். சோலார் தகடும் அப்படித்தான். அதிகமாக மின்னோட்டம் கேட்டால் வோல்டேஜ் படுத்துவிடும். குறைவாகக் கேட்டால் கிடைக்கக்கூடியது வீணாகும். நடுவில் ஒரு இடத்தில்தான் அதிக சக்தி. ஒரு மேகம் வந்தால் அந்த இடமும் நகர்ந்துவிடும். சுற்று அதைத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டும். அதுவும் அதே ஒரு மைக்ரோவாட் கூலியில்.

மூன்றாவது, தொடங்குவது. பழைய அடிபம்பு ஞாபகம் இருக்கிறதா? காய்ந்துபோன பம்பில் எத்தனை அடி அடித்தாலும் தண்ணீர் வராது. மேலே ஒரு சொம்பு ஊற்றினால்தான் பிடிக்கும். தண்ணீர் எடுக்கவே தண்ணீர் வேண்டும். கெபாசிட்டர் முழுக்க வடிந்துவிட்டால் இந்தச் சுற்றுக்கும் அதே கதிதான். சிலிக்கான் டிரான்சிஸ்டர் விழித்துக்கொள்ள வழக்கமாக 600, 700 மில்லிவோல்ட் வேண்டும். உடம்புச் சூட்டில் கிடைப்பதோ சில பத்து மில்லிவோல்ட். யார் முதல் சொம்பை ஊற்றுவது?

இந்தக் கேள்விக்கு ஒரு பிஎச்.டி. மாணவர் கண்டுபிடித்த பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. யோகேஷ் ராமதாஸ் என்பவர். காரக்பூர் ஐ.ஐ.டி.யில் பி.டெக். முடித்துவிட்டு, அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் 2009-இல் முனைவர் பட்டம் வாங்கினார். அவருக்கு வழிகாட்டி, சென்னையில் பிறந்த அனந்தா சந்திரகாசன். அவரும் அவர் குருவும் சேர்ந்து, உடம்புச் சூட்டிலிருந்து வரும் வெறும் 35 மில்லிவோல்ட்டில் தொடங்கும் சுற்றைச் செய்தார்கள். சாதாரண டார்ச் செல்லின் வோல்டேஜில் நாற்பதில் ஒரு பங்குகூட இல்லை. எப்படித் தொடங்குகிறது தெரியுமா? அதைக் கட்டியிருக்கும் மனிதர் நடக்கும்போது, கை அசையும்போது, ஒரு சின்ன இயந்திர ஸ்விட்ச் தானாகத் திறந்து மூடும். அந்த அசைவுதான் முதல் சொம்பு. அதன்பின் சுற்று தன் காலில் நின்றுகொள்ளும். படித்துவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். இது ஐ.டி.ஐ. தம்பியின் சிரிப்பு இல்லை, வேறு சிரிப்பு.

அதே ஆய்வில் அதிர்வுத் தகட்டுக்கும் ஒரு வழி செய்தார். அழுத்தினால் மின்சாரம் தரும் அந்தப் பீசோ தகடு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பிளஸ், மைனஸ் என்று திசை மாறும். தகட்டுக்கே ஒரு கெபாசிட்டர் குணம் உண்டு. அதனால், ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும், விளைந்ததில் பெரும்பகுதி அதைத் திருப்பவே செலவாகிவிடும். பாய் விரித்து ஓடும் வத்தையில் பாயை மறுபக்கம் மாற்றும்போது வேகம் செத்துப்போகிற மாதிரி. கைதேர்ந்தவர் தன் பலத்தை வீணாக்காமல், காற்றின் வீச்சையே பயன்படுத்திச் சட்டென்று மாற்றிவிடுவார். ராமதாஸ் ஒரு கம்பிச்சுருளை வைத்து அதைச் செய்தார். சரியான நொடியில் ஸ்விட்ச் மூடினால், தகட்டில் இருக்கும் மின்னூட்டமே சுருள் வழியாகப் புரண்டு மறுபக்கம் போய்விடும். வழக்கமான டயோடு பாலத்தைவிட நான்கு மடங்குக்கு மேல் சக்தி கிடைத்தது. தகடு அதேதான், அதிர்வும் அதேதான். மேலாண்மையில் மட்டும் நாலு மடங்கு.

சந்திரகாசனின் மாணவர்கள் 2012-இல் இன்னொன்றும் செய்தார்கள். கினிப்பன்றியின் உட்காதில் இயற்கையாகவே ஒரு சின்ன வோல்டேஜ் உண்டு, நம் காதிலும் உண்டு. அதிலிருந்து ஒரு நானோவாட் அளவு, அதாவது மைக்ரோவாட்டில் ஆயிரத்தில் ஒன்று எடுத்து, ஐந்து மணி நேரம் வரை ஒரு குட்டி ரேடியோவை இடைவெளி விட்டுவிட்டுப் பேச வைத்தார்கள். அதற்கும் முதல் சொம்பு வெளியிலிருந்து ரேடியோ அலையாக ஊற்ற வேண்டியிருந்தது. சந்திரகாசன் 1994-இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் வாங்கியதே சிப்கள் குறைந்த சக்தியில் இயங்குவது பற்றித்தான். 2025 ஜூலை முதல் அவர் எம்.ஐ.டி.யின் புரோவோஸ்ட். குறைந்த சக்தி என்று ஆரம்பித்தவர் போய்ச் சேர்ந்த இடம் அது. பாம்பன் சொந்தக்காரர்கள் கவனிக்க.

இப்போது நான் இந்தப் பதிவில் முக்கியமாகச் சொல்ல நினைத்தது.

நம் ஊரில் சிப் என்றாலே 3 நானோமீட்டர், 2 நானோமீட்டர் என்று ஒரு மோகம். தைவானைப் பார், கொரியாவைப் பார், நம்மால் முடியுமா என்று பெருமூச்சு. ராமதாஸின் அந்த இரண்டு சிப்களும் எதில் செய்யப்பட்டன தெரியுமா? 0.35 மைக்ரோமீட்டர், அதாவது 350 நானோமீட்டர். அப்போதே பழைய சரக்கு. காரணம் இருக்கிறது. கோடுகள் மெலிய மெலியக் கசிவு கூடும். ராத்திரி முழுக்கச் சொட்டுக்கூடக் கசியாத கரைதான் இந்த வேலைக்கு வேண்டும். பஞ்சாபில் மொஹாலியில் மத்திய அரசின் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் வரை செய்கிறார்கள். மாணவர்கள் வடிவமைக்கும் சிப்களை அங்கே செய்துகொடுக்க அரசுத் திட்டமும் இருக்கிறது. ஆகவே இந்தத் துறையில் நாம் யாருக்கும் பின்னால் இல்லை. நம்மிடம் இருக்கிற பழைய பட்டறையே போதும். மூளையும் பொறுமையும்தான் முதலீடு. இப்படி ஒரு வாசல் திறந்திருக்கும்போது, அதில் நுழைந்த ஒரு மீனவர் வீட்டுப் பெண்ணை உதவித்தொகை ஏழு மாதம் தாமதமாகிவிட்டது என்பதற்காகத் திரும்பி வரச் சொல்வதா? கோடிகளில் செமிகண்டக்டர் ஆலை அறிவிக்கிறோம். வடிவமைக்கப்போகிற பிள்ளை மெஸ் பில் கட்ட அப்பாவிடம் கை நீட்டுகிறது. இதை எழுதும்போது கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

சரி, நம் கரைக்கு இதனால் என்ன லாபம்?

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தது. கன்னியாகுமரிக் கரை என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் படகில் செய்திக் கருவி வேண்டும் என்ற பேச்சு வேகம் பிடித்தது. விசைப்படகுகளில் இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் பொருத்தினார்கள். 2024 ஆகஸ்டில், இயந்திரம் பொருத்திய ஒரு லட்சம் படகுகளுக்கான தேசியத் திட்டத்தைத் தொடங்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் விசைப்படகில் எஞ்சின் இருக்கிறது, பெரிய பேட்டரி இருக்கிறது. பாய் கட்டிப் போகும் வத்தையில் என்ன இருக்கிறது? ஒரு டார்ச், ஒரு செல்போன். கரையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனால் செல்போனும் ஊமை. மைக்ரோவாட் ஆராய்ச்சி யாருக்காவது உடனே வேண்டும் என்றால் அந்த வத்தைக்காரருக்குத்தான் வேண்டும். இதைக் கேட்டவரும் வத்தை ஓட்டி வளர்ந்தவர்தான்.

பாம்பன் பாலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1914-இல் திறந்த பழைய பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலுக்குச் சிவப்பு விளக்கு விழும். அது காற்றளக்கும் கருவியின் வேலை. கடைசிக் காலத்தில் தூக்குப் பாலத்தில் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் சென்சார்கள் பொருத்திக் கண்காணித்தார்கள். துரு ஜெயித்தது. 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தார்கள். இதற்கும் வயசாகும். உப்புக்காற்றுக்குப் புதுசு பழசு தெரியாது. ஒவ்வொரு தூணிலும், யாரும் ஏறிப் போய்ப் பேட்டரி மாற்றத் தேவையில்லாத சென்சார் இருந்தால், ரயில் போகும் அதிர்விலேயே அது உயிர்வாழ்ந்தால், எப்படி இருக்கும்?

தண்ணீருக்கு அடியிலும் ஆள்கள் முயல்கிறார்கள். எம்.ஐ.டி.யில் ஃபதேல் அதீப் குழுவினர் 2019-இல் பேட்டரியே இல்லாத கடலடி சென்சார் ஒன்றைக் காட்டினார்கள். கண்ணாடித் துண்டால் வெயிலைத் திருப்பி அடிப்போமே, அந்த மாதிரி, தன்மேல் படும் ஒலியலையைத் திருப்பிவிட்டே அது செய்தி சொல்கிறது. நமக்குப் பக்கத்திலேயே, தூத்துக்குடிக் கரையிலிருந்து ஆறு கிலோமீட்டரில், சென்னை ஐ.ஐ.டி. 2022 நவம்பரில் 'சிந்துஜா-1' என்ற அலைமின் கருவியை இறக்கியது. 100 வாட். அடுத்து ஒரு மெகாவாட் என்று செய்தியில் போட்டார்கள், எல்லோரும் அந்த மெகாவாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். நான் 100 வாட்டைப் பிடித்துக்கொண்டேன். நடுக்கடலில் கம்பியில்லாமல் 100 வாட் என்றால், அதில் எத்தனை கருவிகள் ஓடும்!

கலாம் ஐயா பெயரைச் சொல்லாமல் நம் மாவட்டத்தில் அறிவியல் பதிவை முடிக்க முடியாது. நாம் அவருடைய ராக்கெட்டை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம். அவர் எங்கு போனாலும் ஆசையாகச் சொன்ன இன்னொரு கதை உண்டு. அக்னி ஏவுகணைக்குச் செய்த லேசான கலவைப்பொருளில், போலியோவால் கால் பாதித்த குழந்தைகளுக்கு 300 கிராமில் கால்தாங்கி செய்தது. முன்பு மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு நடந்த குழந்தைகள் அவை.

ஒரு பக்கம் மட்டும் பேசினால் நியாயமாகாது. இந்தத் துறையில் வெளிவரும் கட்டுரைகளில் நிறைய விளையாட்டுச் சாமான்களும் உண்டு. ஏ.சி. அறையில், மேஜைமேல் அதிர்வு மெஷினில், ஒரே சீரான ஆட்டத்தில் அளந்து, ஒரு வரைபடம் போட்டு, கட்டுரை எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டிக்கொண்டு முடித்துவிடுவார்கள். கடல் ஒரே சீராக ஆடுமா? அந்தப் பெண்ணிடமே போனில் கேட்டேன். "ஏம்மா, நல்ல வெயிலில் ஒரு சதுர சென்டிமீட்டர் சோலார் செல்லே 15 மில்லிவாட் தருது. ஒன்னோட நூறு மைக்ரோவாட்டைப்போல நூத்தம்பது மடங்கு. படகுல உள்ளங்கை அகலத் தகடு ஒண்ணு வச்சா அதிர்வெல்லாம் எதுக்கு?"

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. "சரிதான் சார். நானும் தகடுதான் முதல்ல வைக்கிறேன். ஆனா அப்பா ராத்திரி போறாரு. வாடைக் காலத்துல நாலு நாள் வெயில் வராது. தகட்டுமேல உப்புப் படியும், வலையைத் தூக்கி அதுமேலயே போடுவாங்க. அந்த நேரத்துல கொஞ்சமா வர்றத வீணாக்காம இருக்கணும். அதிர்வு கூட ஒரு ஆள், அவ்வளவுதான். ரெண்டையும் ஒரே சுருள்ல மாத்தி மாத்தி எடுக்கிற சுற்றுதான் என் வேலை" என்றாள். அப்புறம் கொஞ்சம் தயங்கி, "ஆனா சார், நான் இதை இன்னும் ஒரு படகுலகூட வச்சுப் பாக்கல" என்றாள்.

நாலு வருஷம். தகப்பன் படகுக்காரர். இன்னும் படகில் வைத்துப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், ஆய்வேட்டுக்கு அது கட்டாயமில்லையாம். பயணப்படி கேட்டு விண்ணப்பித்தால் திரும்பி வந்துவிடுகிறதாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் இங்கேதான் நம் ஆராய்ச்சி முறையில் எனக்குச் சண்டை. நம் மண்டபத்தில் காரைக்குடி சிக்ரி நிறுவனம் இரும்புத் தகடுகளைக் கடற்காற்றிலும் கடல்நீரிலும் வைத்து எப்படித் துருப்பிடிக்கிறது என்று அளக்கிறது. உலகத்தில் பலரும் படிக்கும் அளவீடுகள் அவை. இரும்புக்கு இந்த மரியாதை உண்டு. சுற்றுப்பலகைக்கு ஏன் இல்லை? ஆற்றல் அறுவடை என்று தமிழ்நாட்டில் யார் ஆய்வேடு எழுதினாலும், இந்தக் கரையில் மூன்று மாதம் வைத்து எடுத்த அளவு ஒரு அத்தியாயமாவது இருக்கட்டும். நம் உப்பில் பிழைத்தால் அது எந்தக் கடலிலும் பிழைக்கும். பிழைக்காவிட்டால் அதையும் எழுதட்டும். என்ன செத்தது, எந்த இணைப்பு முதலில் பச்சைப் பூத்தது, எத்தனாவது நாள். அடுத்து வருகிற பிள்ளைக்கு அதைவிடப் பெரிய உதவி கிடையாது.

அண்ணாச்சிக்கு என் பதில் இதுதான். நிறுத்தச் சொல்லாதீர்கள். உதவித்தொகைக்கு எங்கே, யாருக்கு எழுத வேண்டும் என்று தெரிந்த இரண்டு பழைய மாணவர்களிடம் பேசிவிட்டேன். மனு தயாராகிறது. அதுவரை மெஸ் பில்லுக்கு எங்கள் பள்ளிப் பழைய மாணவர்கள் சிலர் பொறுப்பெடுத்திருக்கிறார்கள். கடனாகவே வைத்துக்கொள்ளுங்கள், கூச்சப்பட வேண்டாம். நீங்களும் அவளிடம் எம்புட்டுக் கரண்டு என்று கேட்காதீர்கள். ராத்திரி நடுக்கடலில் எஞ்சின் நின்றால் அது எத்தனை தடவை கரைக்குச் சொல்லும் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவள் சரியாகப் பதில் சொல்லியாக வேண்டும்.

நண்பர்களிடம் கேட்கும் உதவி. பொங்கல் விடுமுறைக்கு அவள் ஊருக்கு வரும்போது மூன்று பெட்டிகள் கொண்டுவருகிறாள். ஒவ்வொன்றும் சோப்பு டப்பா அளவு, எடை கால் கிலோவுக்குள். ஒன்று அப்பாவின் படகுக்கு. மற்ற இரண்டுக்கும் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் தொழிலுக்குப் போகும் இரண்டு படகு வேண்டும். ஒன்று பாய் வத்தையாக இருந்தால் நல்லது. அணியத்திலோ தட்டிலோ கட்டிவிட்டு மறந்துவிடலாம். மூன்று மாதம் கழித்து அவளே வந்து கழற்றிக்கொள்வாள். படகுக்கு ஒரு சேதமும் வராது, கரண்டு அடிக்காது (நூறு மைக்ரோவாட்டில் கொசுகூடச் சாகாது). பெட்டியின்மேல் வலையைப் போடாதீர்கள் என்று சொல்ல வேண்டாம் என்று குறிப்பாகச் சொன்னாள். போடட்டுமாம். சம்மதம் உள்ளவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். படகுக்காரரின் சம்மதத்தை நேரில் வந்து நானே கேட்டுக்கொள்கிறேன்.